அசூசா தெருவின் போதகர் வில்லியம் சீமோர்: பிரசங்கத்தில் கேட்பதும் ஏடுகளில் உள்ளதும்

உங்கள் சபையின் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் தொடங்கி, பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகெங்கும் பரப்பிய சபையை நிறுவிய வில்லியம் சீமோரைப் பற்றிச் சொன்னவற்றில் எது உண்மை, எது கதை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அடிமையாக இருந்தவர், எழுத்தறிவில்லாதவர், ஒரு கண் பார்வையற்றவர், கறுப்பர் என்பதால் வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து வேதம் கற்றவர், செருப்புப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபித்தவர், அவருடைய சபையின் கூரைமேல் அக்கினி எரிந்தது, நூறு ஆண்டு கழித்து மீண்டும் எழுப்புதல் வரும் என்று அவர் தீர்க்கதரிசனம் சொன்னார் என்பவை நீங்கள் குறித்து அனுப்பியவை. இவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல முடியும். ஆனால் கடைசி வரியில், "இவ்வளவு பெரிய சபை இன்று ஏன் இல்லை?" என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆகவே முதலில் சொன்னவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். வேதாகமக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சபை வரலாறு கற்பித்தவன். சீமோரின் சபை வெளியிட்ட பத்திரிகையின் மறுபதிப்பையும், நேரில் பார்த்தவர்கள் எழுதிவைத்தவற்றையும், பின்வந்த ஆய்வாளர்களின் முடிவுகளையும் படித்துத்தான் பேசுகிறேனே தவிர, அமெரிக்காவுக்குப் போய் மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தவன் அல்லன்.

அவர் அடிமையாக இருந்ததில்லை. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. சீமோர் 1870 மே 2 அன்று லூசியானா மாநிலத்தின் சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். அடிமைகளாக இருந்தவர்கள் அவருடைய பெற்றோர் சைமனும் பிலிஸும். தந்தை உள்நாட்டுப் போரில் வடபுலத்துப் படையில் சேர்ந்து போரிட்டவர். குழந்தை வில்லியமுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது கத்தோலிக்க ஆலயத்தில் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். எழுத்தறிவில்லாதவர் என்பதும் தவறு. அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் படிக்கவும் எழுதவும் நன்றாகத் தெரிந்தவர். பத்திரிகையில் அவர் பெயரில் வந்த பிரசங்கங்களையும், 1915-இல் தம் சபைக்கென்று அவர் தொகுத்து வெளியிட்ட உபதேச ஒழுங்கு நூலையும் பார்த்த எவரும் அவரைப் படியாதவர் என்று சொல்லமாட்டார்கள். பார்வை பற்றிச் சொன்னது சரி. இண்டியானாபொலிஸ் நகரின் உணவு விடுதிகளில் பரிமாறும் வேலை செய்துவந்த அவர், பின்பு சின்சினாட்டிக்குப் போனார். அங்கே பெரியம்மை கண்டு இடக்கண் பார்வையை இழந்தார். ஊழியத்துக்கு வரும்படி வந்த அழைப்பைத் தட்டிக்கழித்ததற்குத் தண்டனையாகவே அந்த நோயை அவர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்த செய்தியின் அடிப்படை உறுதியானது. ஹூஸ்டன் நகரில் லூசி ஃபாரோ என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு சிறு பரிசுத்த இயக்கச் சபையை, அதாவது இரட்சிப்புக்குப் பின் முழுப் பரிசுத்தம் தனி அனுபவமாக வரும் என்று போதித்த சபையை, நடத்திவந்தார். அடிமையாகவே பிறந்தவர் என்றால் அது அவர்தான். ஒருவேளை உங்கள் பிரசங்கியார் இந்த இடத்தில்தான் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்னவோ. அந்த அம்மையார் வேலை நிமித்தம் வெளியூர் போனபோது சபையைச் சீமோரிடம் ஒப்படைத்துப் போனார். திரும்பி வந்தபோது அந்நிய பாஷை பேசும் (தாம் கற்றிராத மொழியில் ஆவியின் ஏவுதலால் பேசும்) அனுபவத்தோடு வந்து, தாம் யார் வீட்டில் வேலை செய்தாரோ அந்தச் சார்லஸ் பார்ஹாமிடம் வேதம் கற்கும்படி அவருக்கு வழிகாட்டினார். பார்ஹாம் வெள்ளையர். 1901 ஜனவரி 1 அன்று கான்சஸ் மாநிலத்தின் டோபிகாவில் இருந்த அவருடைய வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷை பேசியதிலிருந்துதான் பலர் நவீன பெந்தெகொஸ்தே இயக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். டெக்சாஸில் அப்போது இனப் பிரிவினை சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவியது. அதனால் சீமோர் மாணவர்களோடு ஒன்றாக உட்காராமல், கதவு திறந்திருக்க வெளியே நடையில் அமர்ந்து கேட்டார். நடையா, சன்னலோரமா என்பதில் சொல்பவர்களுக்குள் வேறுபாடு உண்டு. உள்ளே மற்றவர்களோடு சமமாக அமர்த்தப்படவில்லை என்பதில் வேறுபாடு இல்லை.

செருப்புப் பெட்டி என்றவுடன் நாம் இன்றைய அட்டைப்பெட்டியை நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் தலை நுழையாதே என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவை கடைக்குக் காலணிகளை மொத்தமாக அனுப்பும் மரப்பெட்டிகள். அப்படிப்பட்ட இரண்டு காலிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் அசூசா தெருவின் பிரசங்க மேடை. கூட்டம் நடக்கும்போது சீமோர் அதன் பின்னால் உட்கார்ந்து, மேல்பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று எழுதியவர் பிராங்க் பார்ட்டில்மன் என்ற ஊழியர். அவர் அங்கே இருந்து கண்ணால் பார்த்தவர். எனினும் அதை நூலாக வெளியிட்டது 1925-இல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. சீமோரோடு அவருக்குக் கருத்து வேறுபாடும் உண்டு. அப்படியிருந்தும் அவர் இதைப் புகழ்ச்சியாகவே எழுதியிருப்பதால் நம்பத்தக்கது என்று கொள்கிறேன். கூரைமேல் அக்கினி, தீயணைப்பு வண்டி வந்தது, வெட்டுண்ட கை வளர்ந்தது போன்றவை அப்படி அல்ல. அவை நெடுங்காலம் கழித்து முதியோர் நினைவிலிருந்தும், அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் வாய்வழியாகவும் வந்தவை. சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைப் பத்தி பத்தியாக அச்சிட்ட அந்தச் சபையின் பத்திரிகை, இப்படியொன்று நடந்திருந்தால் அதை விட்டிருக்காது. நூறு ஆண்டுத் தீர்க்கதரிசனத்துக்கும் சீமோர் காலத்து எழுத்துச் சான்று எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை. தேவனால் கூடாதது ஒன்றுமில்லை என்று விசுவாசிக்கிறவன்தான் நானும். ஆனால் சாட்சி சொல்கிறவர்கள் யார், எப்போது சொன்னார்கள் என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது.

இனி சபையின் கதைக்கு வருகிறேன். 1906 பிப்ரவரி 22 அன்று சீமோர் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். ஹூஸ்டனில் அவரைப் பார்த்திருந்த நீலி டெரி என்ற பெண்ணின் பரிந்துரையின்பேரில், ஜூலியா ஹட்சின்ஸ் என்ற அம்மையார் தம் சிறு சபைக்கு அவரைப் போதகராக அழைத்திருந்தார். சீடர்கள் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டு வேறு பாஷைகளில் பேசியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 2:4-ஐச் சீமோர் எடுத்து, ஆவியின் அபிஷேகத்துக்கு (ஆவியால் நிரப்பப்படுவதற்கு) அந்நிய பாஷையே அடையாளம் என்று பிரசங்கித்தார். சில நாள்களில், மார்ச் 4 அன்று, மாலைக் கூட்டத்துக்குத் திரும்பி வந்தபோது சபைக் கதவு பூட்டிக் கிடந்தது. இதில் நான் எப்போதும் நின்று யோசிக்கிற இடம் ஒன்று உண்டு: அந்த நாளில் சீமோரே அந்நிய பாஷை பேசியிருக்கவில்லை. தமக்கு இன்னும் கிடைக்காத ஒன்றை, வேதத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் பிரசங்கித்தார். அதற்காகவே தெருவில் நிறுத்தப்பட்டார்.

கையில் காசில்லாத அவரை எட்வர்ட் லீ என்ற துப்புரவுத் தொழிலாளி தம் வீட்டில் தங்கவைத்தார். அங்கே தொடங்கிய ஜெபக்கூட்டம், ரிச்சர்ட், ரூத் ஆஸ்பெரி தம்பதியரின் 214, வடக்கு பானி பிரே தெரு வீட்டுக்கு மாறியது. வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்குப் போகும் கறுப்பினப் பெண்கள், கூலித் தொழிலாளர்கள். ஏப்ரல் 9 அன்று அங்கே முதலில் லீயும், பிறகு மற்றவர்களும் அந்நிய பாஷை பேசினார்கள். அவர்களில் ஜென்னி எவன்ஸ் மூர் என்பவர், தாம் கற்றிராத பியானோவை வாசித்து அறியாத மொழிகளில் பாடியதாக அடுத்த ஆண்டே பத்திரிகையில் தம் கையெழுத்தோடு சாட்சி எழுதினார். எனவே இது பின்னால் முளைத்த கதை அல்ல. சீமோருக்கு அந்த அனுபவம் மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று கிடைத்தது. வீட்டில் கூட்டம் கொள்ளவில்லை. 312, அசூசா தெருவில் ஒரு கறுப்பின மெதடிஸ்ட் சபை விட்டுப்போன இரண்டடுக்கு மரக்கட்டடம் கிடைத்தது. கீழ்த்தளம் குதிரை லாயமாகவும் மரச்சாமான் கிடங்காகவும் இருந்தது. அதைக் கூட்டித் துப்புரவாக்கி, ஆணிப் பீப்பாய்களின்மேல் பலகைகளை வைத்து இருக்கைகள் ஆக்கி, நடுவில் அந்த மரப்பெட்டிகளை நிறுத்தினார்கள். காணிக்கைத் தட்டு சுற்றிவரவில்லை. வாசலருகே ஒரு பெட்டி மட்டும் இருந்தது. மேல்மாடி அபிஷேகத்துக்காகக் காத்திருக்கும் அறை. நம் சபைகளில் சொல்லும் காத்திருப்புக் கூட்டத்துக்கு அதுதான் முன்மாதிரி. ஏப்ரல் 18 காலை 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ் இவர்களைக் கேலிசெய்து முதல் செய்தியை வெளியிட்டது. அதே விடியற்காலையில்தான் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் நொறுங்கியது. கேலிச் செய்தியும் நடுக்கமும் ஒன்றாக வந்ததால் மக்கள் திரண்டார்கள்.

அடுத்த மூன்று ஆண்டுகள் வாரத்தின் ஏழு நாளும், ஒரு நாளைக்கு மூன்று ஆராதனைகள், பல நாள்களில் ஒன்று முடியாமலேயே அடுத்தது தொடங்கும்படி நடந்தன. 1906 செப்டம்பரில் ஐயாயிரம் பிரதிகளோடு தொடங்கிய 'அப்போஸ்தல விசுவாசம்' என்ற இலவசப் பத்திரிகை விரைவிலேயே நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஆனால் அன்று வந்தவர்களை மிகவும் அதிரவைத்தது பாஷை அல்ல; பந்தி. வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிகோக்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒருவர் தலைமேல் ஒருவர் கைவைத்து ஜெபித்தார்கள். அபுண்டியோ, ரோசா லோபெஸ் என்ற மெக்சிக தம்பதியர் பீடத்தருகே மற்றவர்களுக்காக ஜெபித்து உதவினார்கள். ஊழியர்களுக்குச் சான்றளிக்கும் குழுவில் பெண்களும் இருந்தார்கள். வட கரோலினாவிலிருந்து வந்த கேஸ்டன் காஷ்வெல் என்ற வெள்ளையப் பிரசங்கி, கறுப்பர்கள் தம் தலைமேல் கைவைப்பதைப் பொறுக்காமல் முதலில் விலகிப்போனார். பின்பு மனம் உடைந்து, தாமே திரும்பி வந்து, தம் தலைமேல் கைவைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். 1906-இன் அமெரிக்காவில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, ஒரே கர்த்தரை ஆராதித்தும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற நம் ஊர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கடைசி வரி. சபை ஏன் நிலைக்கவில்லை? ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நடந்தவை தேதியோடு கிடைக்கின்றன. 1906 அக்டோபரில் பார்ஹாம் வந்தார். தம் மாணவரின் சபையில் இனங்கள் கலந்து பீடத்தண்டை விழுந்து கிடப்பதைக் கண்டு அருவருத்து, வெளிப்படையாகக் கண்டித்தார். சபை மூப்பர்கள் அவரை ஏற்கவில்லை. அவர் அதே நகரில் போட்டிக் கூட்டம் நடத்தினார். 1908 மே 13 அன்று சீமோர், ஜென்னி எவன்ஸ் மூரை மணந்தார். அதையடுத்துப் பத்திரிகைப் பொறுப்பில் இருந்த கிளாரா லம், சந்தாதாரர் முகவரிப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு, முன்பே போர்ட்லாந்துக்குப் போய் ஊழியம் தொடங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கிராஃபோர்டிடம் சேர்ந்தார். பத்திரிகை அதே பெயரில் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. ஏன் போனார்? கர்த்தர் வரும் காலம் சமீபமாயிருக்கத் திருமணம் எதற்கு என்ற எண்ணம் என்பார் சிலர். மனத்தாங்கல் என்பார் சிலர். இன உணர்வும் இருந்தது என்பார் சிலர். இவற்றில் ஒன்றை நிச்சயம் என்று யாராவது எழுதினால் அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் போனது மட்டும் நிச்சயம்; அதன் விளைவும் நிச்சயம். நாடு முழுவதும் கடல் கடந்தும் இருந்த வாசகர்களோடு சீமோருக்கு இருந்த ஒரே தொடர்பு அந்த முகவரிகள்தான். அவற்றை இழந்த சபை தன் குரலை இழந்தது. எழுப்புதல் வரலாற்றில் ஜெபத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த முகவரிப் பட்டியலைக் கவனிப்பதில்லை. என் மாணவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அடுத்த அடி 1911-இல் விழுந்தது. சீமோர் வெளியூர் ஊழியத்தில் இருந்தபோது சிகாகோவிலிருந்து வில்லியம் டர்ஹாம் வந்து அசூசா மேடையில் பிரசங்கித்தார். ஆற்றலுள்ள பேச்சாளர், கூட்டம் மறுபடி நிரம்பியது. ஆனால், முழுப் பரிசுத்தமாகுதல் இரட்சிப்புக்குப் பின் தனியாக வரும் இரண்டாம் அனுபவம் என்ற சீமோரின் உபதேசத்தை அவர் மறுத்து, சிலுவையிலேயே எல்லாம் முடிந்தது என்று போதித்தார். திரும்பி வந்த சீமோர், மூப்பர்களின் சம்மதத்தோடு டர்ஹாமுக்குக் கதவைப் பூட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம் முகத்துக்கு நேரே பூட்டப்பட்ட கதவை அவர் அன்று நினைத்திருப்பாரா என்று யோசிக்காமல் இந்தப் பகுதியை என்னால் கற்பிக்க முடிந்ததில்லை. உபதேசத்தைக் காக்கும் கடமை போதகருக்கு உண்டு என்பதால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டர்ஹாமோடு பெருங்கூட்டம் வெளியேறியது. மிஞ்சியது பெரும்பாலும் கறுப்பினத்தவரான ஒரு சிறு சபை. 1914-இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் கூடி 'அசெம்பிளீஸ் ஆஃப் காட்' என்ற பெந்தெகொஸ்தே அமைப்பை உருவாக்கியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். ஒரே பந்தி கலைந்துவிட்டது.

1915-இல் சீமோர் வெளியிட்ட ஒழுங்கு நூலில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. சபையின் தலைமைப் பொறுப்புகள் இனிக் கறுப்பினத்தவருக்கே என்று விதித்தார். வெள்ளையர் அங்கத்தினராக வரலாம், அவர்களை நேசிக்க வேண்டும் என்றும் எழுதினார். இதை வெறுப்பு என்று படிப்பவர்கள் உண்டு. மேலும் பிளவு வராமல் காக்க, காயப்பட்ட மேய்ப்பர் போட்ட வேலி என்று நான் படிக்கிறேன். இது என் கணிப்பு, ஆவணம் அல்ல. மற்றொன்று, அந்நிய பாஷை மட்டுமே அபிஷேகத்தின் சான்று என்ற பழைய போதனையை அவர் கைவிட்டார். 1908-லேயே பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதியில், அபிஷேகம் பெற்றதற்கு உண்மையான அடையாளம் எது என்ற கேள்விக்கு தெய்வீக அன்பு என்றே பதில் வந்திருந்தது. அந்நிய பாஷை வரத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்நிய பாஷை பேசிய வாயாலேயே சகோதரனைத் தள்ளிவைத்தவர்களை அவர் தம் பீடத்தருகே பார்த்துவிட்டார். நம் சபைகளில் இந்தச் சீமோரைப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அவரை உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஒரே ஸ்தாபகர் என்று சொல்வதும் மிகை. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற ஊழியரின் சபைகளிலிருந்து பரவிய எழுப்புதலிலும், 1905-இல் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனிலும் ஆவிக்குரிய வரங்கள் வெளிப்பட்டதாக அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அசூசாவிலிருந்து ஆல்ஃபிரட், லில்லியன் கார் தம்பதியர் 1907-இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஊழியம் செய்ய வந்தபோது, ஆல்ஃபிரட் தமக்கு அருளப்பட்டது வங்காள மொழி என்று நம்பி வந்தார், யாருக்கும் புரியவில்லை. பாஷை வரத்தால் நேரடியாகச் சுவிசேஷம் சொல்லிவிடலாம் என்ற அன்றைய நம்பிக்கையை அனுபவம் திருத்தியது. ஆனாலும் அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை, ஊழியத்தைத் தொடர்ந்தார்கள். வந்தவர்களை உலகெங்கும் அனுப்பிவைத்த வாசல் என்ற அளவில் அசூசாவுக்கு நிகர் வேறில்லை. மெம்ஃபிஸிலிருந்து வந்து அபிஷேகம் பெற்றுத் திரும்பிய சி.எச். மேசனின் சபை இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே சபைகளுள் ஒன்று.

1922 செப்டம்பர் 28 அன்று சீமோர் மாரடைப்பால் காலமானார், வயது 52. அதன்பின் ஜென்னி சபையை நடத்தினார். 1931-இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அவரும் 1936-இல் மறைந்தார். இன்று அந்த இடம் ஜப்பானியர் வாழும் பகுதியில் ஒரு திறந்த முற்றம். பானி பிரே தெரு வீடு மட்டும் அப்படியே இருக்கிறது. சீமோர் அடக்கம் செய்யப்பட்டது எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில். அவருடைய கல்லில் பெயருடன் பொறித்திருப்பது 'எங்கள் போதகர்' என்ற இரண்டு சொற்கள்தாம்.